சிசிலித் தீவில் என்ன சாப்பிடலாம்? 25 பயனுள்ள குறிப்புகள்

மத்தியதரைக் கடலில் உள்ள தீவுகளிலேயே பெரியது சிசிலி. கிரேக்கர், ரோமானியர், அரேபியர், நார்மன்கள், ஸ்பானியர் என்று மாறி மாறி ஆண்ட ஊர். ஆண்டவர்கள் போய்விட்டார்கள்; அவர்கள் கொண்டுவந்த ருசி அடுப்படியில் தங்கிவிட்டது. இவ்வளவு தூரம் போய்விட்டு, விடுதிக்குக் கீழே உள்ள கடையில் பீட்சாவைத் தின்று திரும்பி வருபவர்களைப் பார்த்தால் மனம் கேட்பதில்லை. அங்கே ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு ஊர் உண்டு, ஒரு வேளை உண்டு. அதைத் தெரிந்துகொண்டு போனால் குறைந்த செலவில் நிறைவாகச் சாப்பிடலாம்.

1. முதலில் கடிகாரத்தைப் பழக்கிக்கொள்ளுங்கள். உணவகங்களில் மதியச் சாப்பாடு சுமார் 12.30 மணிக்குத் தொடங்கி 2.30 அல்லது 3 மணியோடு முடிந்துவிடும். இரவுச் சாப்பாடு 7.30 மணிக்கு முன் பெரும்பாலும் கிடைக்காது. இடைப்பட்ட நேரத்தில் பசித்தால் தெருக்கடைகளும் காப்பிக்கடைகளும்தான் கதி. குழந்தைகளோடு போகிறவர்கள் பையில் கொஞ்சம் பழமும் ரொட்டியும் வைத்திருப்பது நல்லது.

2. கோடையில் காலைப் பலகாரமாக க்ரனீத்தா கேளுங்கள். உறைந்த பழச்சாறையோ பாதாம் பாலையோ மணல் போல் கிளறி எடுத்த பனிக்குழைவு இது. ஐஸ்கிரீமைப் போல் வழுவழுப்பாக இருக்காது, ஐஸ் துருவல் போல் நறநறக்கவும் செய்யாது. அந்தக் காலத்தில் எட்னா எரிமலையின் உச்சிப் பனியைச் சேர்த்து, குழிகளில் புதைத்து, கோடையில் கீழே கொண்டுவந்து விற்றார்கள். அதற்கென்றே தனித் தொழிலாளர்கள் இருந்தார்கள். கூடவே ஒரு பன் தருவார்கள். அதன் தலையில் சிறு உருண்டை ஒட்டியிருக்கும். 'தூப்போ' என்று பெயர், அதாவது கொண்டை. முதலில் கொண்டையைப் பிய்த்துக் குழைவில் தோய்த்துத் தின்பதுதான் ஊர் வழக்கம். கரண்டியால் முழுவதையும் வழித்துவிட்டுப் பன்னை மிச்சம் வைக்காதீர்கள், இரண்டும் ஜோடி.

3. க்ரனீத்தாவில் ஊருக்கு ஒரு பெருமை. மெசினாவில் காப்பிச் சுவையில், மேலே அடித்த பாலேட்டுடன் தருவார்கள். கட்டானியாவில் பாதாம் கேளுங்கள். கோடையில் முசுக்கொட்டைப் பழம் (மல்பெரி) கிடைத்தால் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அதை வாங்குங்கள். எலுமிச்சை எங்கும் நன்றாக இருக்கும்.

4. வீட்டில் எலுமிச்சை க்ரனீத்தா செய்ய: அரை லிட்டர் தண்ணீரில் 125 கிராம் சர்க்கரையைக் கரைத்துச் சூடாக்கி ஆறவிடுங்கள். 100 மில்லி எலுமிச்சைச் சாறு சேர்த்து அகலமான எவர்சில்வர் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை முள்கரண்டியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுரண்டிவிட வேண்டும். மூன்று மணி நேரத்தில் தயார். சர்க்கரையைக் குறைத்தால் கல்லாக உறைந்துவிடும், கவனம்.

5. பலேர்மோவில் இறங்கியதும் தேட வேண்டியது பனெல்லே. நமக்கு அன்னியமே இல்லாத பண்டம்: கடலை மாவு. மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பும் பார்ஸ்லித் தழையும் சேர்த்து, களி போல் கிளறி, மெல்லியதாகப் பரப்பி ஆறவைத்து, துண்டு போட்டு எண்ணெயில் பொரிப்பார்கள். எள் தூவிய ரொட்டிக்குள் நாலைந்து துண்டுகளை அடுக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து கையில் தருவார்கள். இறைச்சி, மீன், பால், முட்டை எதுவும் இல்லாத பண்டம். கூலிக்காரர்களின் வயிற்றை நிறைத்த சாப்பாடு இது. இன்று அலுவலகம் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதே வண்டி முன்னால்தான் நிற்கிறார்கள். சிசிலியில் ஒரே ஒரு பண்டம்தான் சாப்பிடலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். கூட உருளைக்கிழங்கு உருண்டையும் வைப்பார்கள், அதையும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பொரித்துக் குவித்து வைத்திருக்கும் கடையைத் தவிர்த்து, கேட்ட பிறகு பொரித்துத் தரும் கடையில் வாங்குங்கள். ஆறினால் தோல் போல் ஆகிவிடும்.

6. வீட்டில் பனெல்லே: கடலை மாவு ஒரு பங்கு என்றால் தண்ணீர் எடையில் மூன்று பங்கு. 250 கிராம் மாவுக்கு 750 மில்லி. முதலில் பச்சைத் தண்ணீரிலேயே கட்டியில்லாமல் கரைத்து வடிகட்டிவிடுங்கள். பிறகு மிதமான தீயில் கை விடாமல் 15 முதல் 20 நிமிடம் கிளறினால் பாத்திரத்தை விட்டுச் சுருண்டு வரும். பார்ஸ்லிக்குப் பதில் கொத்தமல்லித் தழை போடலாம். எண்ணெய் தடவிய தட்டில் அரை சென்டிமீட்டருக்கும் குறைவான கனத்தில் பரப்புங்கள். முழுவதும் ஆறிய பிறகே வெட்ட வேண்டும். மிளகாய்த்தூள் தூவ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், முதல் தடவையாவது எலுமிச்சையோடு மட்டும் சாப்பிட்டுப் பாருங்கள்.

7. சாதத்தை உருட்டி, உள்ளே பூரணம் வைத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்ததற்கு பலேர்மோவில் 'அரஞ்சீனா' என்று பெயர், உருண்டையாக இருக்கும். தீவின் கிழக்கே கட்டானியாவில் அதுவே 'அரஞ்சீனோ'. எட்னா மலையைப் போல் கூம்பாகப் பிடிப்பார்கள். முதலாவது பெண்பால், இரண்டாவது ஆண்பால். இதற்காக இரண்டு ஊர்க்காரர்களும் மனதாரச் சண்டை போடுவார்கள். போகும் ஊரில் வழங்கும் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், சிரித்த முகத்தோடு தருவார்கள்.

8. அரஞ்சீனாவிலுள்ள பூரணத்தை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. 'ராகு' என்றால் பட்டாணியோடு சமைத்த கொத்துக்கறி. 'பூர்ரோ' என்றால் வெண்ணெய் என்று பொருள். பெயரைப் பார்த்து சைவம் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள், பாலாடைக்கட்டியோடு பன்றி இறைச்சித் துண்டும் இருப்பது வழக்கம். சைவர்களுக்குக் கீரை வைத்ததும் கத்தரிக்காய் வைத்ததும் உண்டு. கட்டானியாவில் இந்த வகைகள் எளிதாகக் கிடைக்கும்.

9. டிசம்பர் 13 புனித லூசியா திருநாள். அன்று பலேர்மோவில் ரொட்டியும் பாஸ்தாவும் தொடமாட்டார்கள். 1646-ல் பஞ்சத்தின்போது, இந்த நாளில் கோதுமைக் கப்பல் வந்து சேர்ந்தது, பசி தாங்காத மக்கள் மாவாக அரைக்கக்கூடப் பொறுக்காமல் முழு கோதுமையை அவித்துத் தின்றார்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. அந்த நினைவாக அவித்த கோதுமையில் ரிக்கோட்டா என்ற மென்மையான பாலாடைக்கட்டியும் சர்க்கரையும் கலந்து 'குச்சீயா' என்ற இனிப்பு செய்கிறார்கள். அரஞ்சீனாவும் அன்றுதான் மலை மலையாக விற்கும். அந்தத் தேதியில் பயணம் அமைந்தால் நழுவவிடாதீர்கள்.

10. கட்டானியாவின் அடையாளம் 'பாஸ்தா அல்லா நோர்மா'. தக்காளிக் குழம்பு, பொரித்த கத்தரிக்காய், துளசி இனத்தைச் சேர்ந்த பேசில் இலை, மேலே துருவிய உப்பு ரிக்கோட்டா. அந்த ஊரில் 1801-ல் பிறந்த இசையமைப்பாளர் பெல்லினியின் 'நோர்மா' என்ற இசைநாடகம் 1831-ல் அரங்கேறியது. அதன் பெயர்தான் இதற்கு. உப்பு ரிக்கோட்டாவுக்குப் பதில் வேறு பாலாடைக்கட்டி தூவிக் கொடுத்தால் அது நோர்மா இல்லை.

11. கப்பொனாத்தா என்ற கத்தரிக்காய்ப் பண்டத்தைச் சூடாகக் கேட்காதீர்கள். பொரித்த கத்தரிக்காயுடன் செலரித் தண்டு, வெங்காயம், தக்காளி, ஆலிவ் காய், கேப்பர் மொட்டு எல்லாம் சேர்த்து, வினிகரும் சர்க்கரையும் விட்டுப் புளிப்பும் இனிப்புமாக இறக்குவார்கள். நம் ஊர்ப் புளிக்குழம்பைப் போலவே மறுநாள்தான் இதன் ருசி கூடும். அறை வெப்பத்தில், ரொட்டியோடு சாப்பிட வேண்டும். கத்தரிக்காய் நம் பக்கத்திலிருந்து புறப்பட்டு, அரேபியர் கைவழியாக இந்தத் தீவுக்கு வந்த காய். அதை இவ்வளவு மரியாதையாகச் சமைக்கும் இன்னொரு ஊரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

12. கப்பொனாத்தாவை வீட்டில் செய்பவர்களுக்கு ஒரே விதி: காய்களை ஒன்றாகப் போட்டு வதக்கக் கூடாது. கத்தரிக்காயைத் தனியாகப் பொரித்து எடுங்கள், செலரியைத் தனியாக வேகவிடுங்கள், கடைசியில்தான் கலக்க வேண்டும். கண்ணாடிச் சீசாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.

13. பலேர்மோவில் மத்தி மீன் பாஸ்தா புகழ்பெற்றது. மத்தியோடு காட்டுச் சோம்புத்தழை, உலர்திராட்சை, பைன் விதை, குங்குமப்பூ, மேலே வறுத்த ரொட்டித்தூள். மீனில் திராட்சையா என்று தயங்காதீர்கள், அரேபியர் காலத்து ருசி என்று அவர்களே சொல்வார்கள். இதில் ஏழைகளின் வடிவம் ஒன்று உண்டு. அதன் பெயர் 'சார்தே ஆ மாரே', அதாவது 'மத்தி கடலிலேயே இருக்கிறது'. மற்ற எல்லாம் இருக்கும், மத்தி மட்டும் இருக்காது. சைவர்கள் இதைக் கேட்கலாம். ஆனால் ருசிக்காக நெத்திலியைக் கரைத்திருப்பார்கள் என்பதால் விசாரித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

14. மேற்குக் கரையில் உள்ள த்ராபானிக்குப் போனால் மீன் கூஸ்கூஸ். எதிர்க்கரையில் துனிசியா, அங்கிருந்து வந்த உணவு. ரவையில் தண்ணீர் தெளித்து, விரல்களால் சுற்றிச் சுற்றிப் பிசிறி, சின்னச் சின்ன மணிகளாக்குவார்கள். புட்டுக்கு மாவு பிசிறத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கைப்பக்குவம் பார்த்த உடனே புரிந்துவிடும். ஓட்டை போட்ட மண்பாத்திரத்தைக் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து ஆவியில் வேகவைப்பார்கள். இரண்டு பாத்திரமும் சேரும் இடத்தில் ஆவி வெளியேறாமல் மாவால் அடைத்துவிடுவார்கள். வெந்ததும் மீன் சாறு ஊற்றி, கம்பளியால் மூடி ஊறவிடுவார்கள். தட்டில் வந்த பிறகும் தனிக் கிண்ணத்தில் சாறு தருவார்கள். கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சாப்பிடுங்கள், ஒரேயடியாகக் கொட்டினால் கஞ்சியாகிவிடும். பக்கத்து ஊரான சான் வீத்தோ லோ காப்போவில் 1998 முதல் செப்டம்பர் மாதத்தில் கூஸ்கூஸ் திருவிழா நடக்கிறது.

15. அதே த்ராபானியில் மீன் சாப்பிடாதவர்களுக்குப் 'புசியாத்தே' கேளுங்கள். திருகு போல் சுற்றிய பாஸ்தா அது. பாதாம், நன்கு பழுத்த தக்காளி, பூண்டு, பேசில் எல்லாவற்றையும் வேகவைக்காமல் இடித்த துவையலில் பிரட்டித் தருவார்கள். அம்மியில் அரைத்த துவையலின் கரகரப்பு அதில் இருக்கும்.

16. அசைவம் சாப்பிடுபவர்களில் குடலும் சுவரொட்டியும் பிடித்தவர்களுக்குப் பலேர்மோ சொர்க்கம். மாட்டின் மண்ணீரலையும் நுரையீரலையும் அவித்து, சீவி, பன்றிக்கொழுப்பில் வதக்கி ரொட்டியில் வைத்துத் தருவது 'பானி கா மேவுசா'. எலுமிச்சை மட்டும் பிழிந்தால் அதற்கு 'பிரம்மச்சாரி' என்று பெயர். பாலாடைக்கட்டி சேர்த்தால் 'கல்யாணமானவர்'. ஆட்டுக்குடலைக் குச்சியில் சுற்றிக் கரி நெருப்பில் சுடுவது 'ஸ்டிக்யோலா'. மாலையில் புகை வரும் திசையில் நடந்தால் போதும். மாட்டிறைச்சி, பன்றிக்கொழுப்பு வேண்டாதவர்கள் முதலாவதைத் தவிர்த்துவிட வேண்டும்.

17. மீன் வாங்கும் அழகைப் பார்க்கக் காலையிலேயே கட்டானியா மீன் சந்தைக்குப் போங்கள், கதீட்ரல் சதுக்கத்துக்குப் பின்னால் இருக்கிறது. உணவகத்தில் மீனுக்குப் போட்டிருக்கும் விலை பல இடங்களில் முழு மீனுக்கு அல்ல, 100 கிராமுக்கு. அதை அவர்கள் 'எத்தோ' என்பார்கள். சமைக்கும் முன்பே எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மெசினா நீரிணைப் பக்கம் வாள்மீன் சிறப்பு. மெல்லிய துண்டில் ரொட்டித்தூள் வைத்துச் சுருட்டிச் சுட்டது நன்றாக இருக்கும்.

18. பலேர்மோ தெருவில் மூன்று சக்கர வண்டியில் ஒலிபெருக்கி வைத்துக் கூவி வருபவரிடம் 'ஸ்ஃபின்ச்சோனே' கிடைக்கும். தடித்த, மெத்தென்ற ரொட்டியில் தக்காளி, வெங்காயம், பாலாடைக்கட்டி, ரொட்டித்தூள், நெத்திலி. வண்டி நமக்குப் பழக்கமான ஆபே ஆட்டோவேதான்.

19. வெயிலில் அலைந்து களைத்தால் கட்டானியாவின் தெருமுனைப் பெட்டிக்கடையில் 'செல்ட்ஸ் லிமோனே எ சாலே' கேளுங்கள். சோடாவில் எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டது. நம் ஊர் உப்பு சோடாவேதான்! வாங்கிய உடனே குடித்துவிடுங்கள், நுரை அடங்கினால் சுவை போய்விடும்.

20. குளிர்காலத்தில் போகிறவர்கள் இரண்டைக் கேட்டு வாங்க வேண்டும். ஒன்று 'மக்கு': காய்ந்த ஃபாவா அவரையைக் குழைய வேகவைத்துக் கடைந்து, ஆலிவ் எண்ணெய் விட்டது. நம் பருப்புக் கடைசலின் ஒன்றுவிட்ட தங்கை. மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாளுக்குச் செய்வார்கள். இன்னொன்று சிவப்பு ஆரஞ்சு. எட்னா அடிவாரத்தில் பகலில் வெயிலும் இரவில் குளிருமாக இருப்பதால் சுளைக்குள் ரத்தச் சிவப்பு ஏறுகிறது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பருவம். சுளைகளை வட்டமாக நறுக்கி, வெங்காயமும் உப்பும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துப் பச்சடியாகவே வைப்பார்கள்.

21. கன்னோலி என்ற பொரித்த குழல் இனிப்பை வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள்: குழல் காலியாக இருக்கிறதா, முன்பே நிரப்பி வைத்திருக்கிறார்களா? முன்பே நிரப்பியிருந்தால் நமத்துப்போயிருக்கும். கண்ணெதிரே நிரப்பித் தரும் கடைதான் கடை. உள்ளே இருப்பது ஆட்டுப்பால் ரிக்கோட்டா. மழை பெய்து புல் தழைக்கும் குளிர்காலத்திலும் வசந்தத்திலும்தான் ஆடுகள் நன்றாகப் பால் கறக்கும், அப்போதுதான் கன்னோலியும் உச்சத்தில் இருக்கும். பலேர்மோவுக்கு அருகே பியானா தெலி அல்பனேசி என்ற சிற்றூர் இதற்குப் பேர்போனது.

22. இனிப்புகளில் கசாத்தா கண்ணைப் பறிக்கும்: பச்சை நிறப் பாதாம் பூச்சு, மேலே சர்க்கரைப்பாகில் ஊறிய பழங்கள். திகட்டும் இனிப்பு, நாலு பேருக்கு ஒரு துண்டு போதும். எனக்கு அதைவிட உயர்ந்தது 'ஜேலோ'. தர்பூசணிச் சாறில் மாவுச்சத்து சேர்த்துக் காய்ச்சி உறையவைத்தது. அதில் மல்லிகை மணம் ஏற்றுவார்கள், பட்டைத்தூள் தூவுவார்கள். ஜூலையில் புனித ரொசாலியா திருவிழாச் சமயத்தில் பலேர்மோவில் கிடைக்கும். மல்லிகையைத் தலையில் சூடிப் பழகிய நாம், அதை நாக்கிலும் ருசிக்க வேண்டும்.

23. சைவர்கள் கவனிக்க வேண்டியவை. கன்னோலிக் குழலிலும் சில ரொட்டிகளிலும் 'ஸ்ட்ரூட்டோ' என்ற பன்றிக்கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். பெக்கொரீனோ, கசியொகவால்லோ போன்ற பாலாடைக்கட்டிகளில் பாலைத் திரிக்க விலங்கிலிருந்து எடுத்த உறைப்பொருள் சேர்க்கிறார்கள். கேக்குகளில் மது ஊற்றியிருப்பார்கள். 'சென்ட்ஸா கார்னே' (இறைச்சி இல்லாமல்), 'சென்ட்ஸா பெஷ்ஷே' (மீன் இல்லாமல்), 'சென்ட்ஸா அச்சூகே' (நெத்திலி இல்லாமல்), 'சென்ட்ஸா ஸ்ட்ரூட்டோ' என்ற நாலையும் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். 'சைவம்' என்று பொதுவாகச் சொன்னால் நெத்திலியும் சூரை மீனும் அதில் அடக்கம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பலேர்மோவின் பல்லரோ சந்தைப் பக்கம் போனால் தமிழ் காதில் விழக்கூடும். 1980களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் அந்த நகரத்தில் குடியேறி வாழ்கிறார்கள். சைவ சமயத்தவர்கள்கூட பெல்லெக்ரீனோ மலையில் உள்ள ரொசாலியா ஆலயத்துக்கு ஏறிப் போய்க் கும்பிடுகிறார்கள். தயங்காமல் பேசுங்கள், எந்தக் கடையில் எது நம்பிச் சாப்பிடலாம் என்று அவர்களைவிட நன்றாகச் சொல்பவர் யார்?

24. பில்லில் 'கொப்பெர்த்தோ' என்று ஆளுக்கு ஒன்று முதல் மூன்று யூரோ வரை சேர்த்திருந்தால் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். மேசைக்கும் ரொட்டிக்குமான கட்டணம் அது. காப்பிக்கடையில் நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் கூடுதல் விலை.

25. ஊருக்குக் கொண்டுவர: பந்தெல்லேரியா தீவின் உப்பில் போட்ட கேப்பர் மொட்டுகள், ப்ரொன்டே ஊர்ப் பிஸ்தா, தக்காளி விழுது, மோடிகா சாக்லெட். கேப்பரைச் சமைக்கும் முன் கழுவித் தண்ணீரில் ஊறவைத்து உப்பைப் போக்குங்கள். உப்போடு மூடி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. 'ஸ்ட்ராத்து' என்ற தக்காளி விழுதை ஆகஸ்ட் வெயிலில், நாம் வடாம் காயவைப்பது போலப் பலகையில் பரப்பிக் காயவைக்கிறார்கள். திறந்த பிறகு மேலே ஆலிவ் எண்ணெய் மூடும்படி ஊற்றி வையுங்கள். விழுது, பிஸ்தா க்ரீம் போன்றவற்றைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடுங்கள். சில விமான நிலையங்களின் பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லிக் கட்டுப்பாட்டில் பிடித்துவைத்துவிடக்கூடும். மோடிகா சாக்லெட் குறைந்த சூட்டில் செய்வது. சர்க்கரை கரையாமல் பல்லில் நறுக்கென்று கடிபடும். பால் சேர்ப்பதில்லை. ஸ்பானியர் ஆட்சியில் வந்த இந்த முறைக்கு 2018-ல் ஐரோப்பியப் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் ஊர் வெப்பத்தில் சில நாளில் மேலே வெள்ளையாகப் பூக்கும். பூஞ்சை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது கொக்கோ வெண்ணெயும் சர்க்கரையும் மேலே வருவதுதான், தாராளமாகச் சாப்பிடலாம்.